எத்தனையா, எவ்வளவா?

நம் மாணவர்களுக்குக் கணிதம் ஏன் கசக்கிறது என்ற கேள்வி, தமிழர் கூடும் கருத்தரங்குகளில் ஆண்டுதோறும் எழுந்து, ஆண்டுதோறும் தேநீர் இடைவேளையோடு முடிந்துவிடுகிறது. வாய்பாடு மனனமாகவில்லை, வீட்டில் கவனிப்பில்லை, கைத்தொலைபேசி கெடுத்துவிட்டது என்று காரணங்களை அடுக்குவோர் பலர். கெடாவில் பிறந்து, வளர்ந்து, விடுமுறைதோறும் தோட்டப்புற மாணவர்களுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தவன் என்ற முறையில் எனக்குப் பட்டதைச் சொல்கிறேன். நம் பிள்ளைகளுக்குப் பெருக்கவும் வகுக்கவும் தெரிந்தே இருக்கிறது. எதைக் கணக்கிடுகிறோம், அது எண்ண வேண்டிய பொருளா, அளக்க வேண்டிய பொருளா என்று முதலில் நின்று கேட்கும் பழக்கம்தான் இல்லை.

(கெடா என்றதும் கடாரத்தையும் இராசேந்திர சோழனையும் இழுத்து வருவது நம் ஆண்டிதழ்களின் மரபு. இம்முறை அவரை ஓய்வெடுக்க விடுவோம்.)

படிவம் நான்கின் கூடுதல் கணிதப் பாட நூலைத் திறந்தால் முதல் அதிகாரமே சார்புகள்தாம். ஒரு சார்புக்குள் நாம் போடக்கூடிய மதிப்புகளின் கூட்டத்தைத் தமிழ்நாட்டுப் பாட நூல்கள் மதிப்பகம் என்கின்றன. அந்த மதிப்பகம் 0, 1, 2, 3 எனத் தனித்தனிப் புள்ளிகளாக இருந்தால் அது தனிநிலை. இடையில் எந்த மதிப்பையும் எடுத்துக்கொள்ளலாம் என்றால் அது தொடர்நிலை. படிவம் ஐந்தில் நிகழ்தகவுப் பரவல் படிக்கும்போது இதே பிரிவினை சமவாய்ப்பு மாறிகளில் மீண்டும் தலைகாட்டும். இரண்டு வரையறையையும் மாணவர்கள் மனப்பாடமாக ஒப்பிப்பார்கள். ஆனால் சுங்கைப் பட்டாணி ஒட்டுக்கடையில் ஒரு ரொட்டி சானாய் 1 ரிங்கிட் 50 சென் என்று வைத்துக்கொண்டு, ரொட்டிக்கும் விலைக்கும் வரைபடம் வரையச் சொல்லுங்கள். பத்தில் எட்டுப் பேர் அளவுகோலை வைத்து ஒரு நேர்க்கோட்டை இழுத்துவிடுவார்கள். அந்தக் கோட்டின்மீது 2.37 ரொட்டி என்ற புள்ளியும் இருக்கிறது. எந்த மாமாக் கடையில் 2.37 ரொட்டி போடுவார்கள்? அங்கே கோடு கூடாது; புள்ளிகள் மட்டுமே வேண்டும். பக்கத்திலிருக்கும் எண்ணெய் நிலையத்திற்குப் போனால் கதை வேறு. பம்பில் லிட்டர் எண் தசமப் புள்ளிக்குப் பின்னும் ஓடிக்கொண்டே இருக்கிறது. எங்கு வேண்டுமானாலும் கையை எடுக்கலாம். அங்கே கோடு சரி.

இதை விளக்க ஆங்கிலக் கலைச்சொல்லோ மலாய்க் கலைச்சொல்லோ தேவையே இல்லை. நம் மொழி ஏற்கெனவே இரண்டு கேள்விச் சொற்களை நமக்குத் தந்திருக்கிறது. ‘எத்தனை’ என்றால் எண்ணு. ‘எவ்வளவு’ என்றால் அள. எத்தனை ரொட்டி என்போம். எவ்வளவு ரொட்டி என்றால் கேட்பவர் சிரிப்பார். எவ்வளவு தண்ணீர் என்போம். எத்தனை தண்ணீர் என்று மூன்று வயதுக் குழந்தைகூடக் கேட்காது. சுங்கைப் பட்டாணி சுப்பிரமணியர் கோயில் தைப்பூசத்தன்று வந்த பால்குடம் எத்தனை, அபிடேகத்திற்கு ஆன பால் எவ்வளவு? ஒரே குடம்தான், ஒரே பால்தான், ஆனால் கேள்விகள் இரண்டு. குடத்துக்கு ஒரு சொல்லும் பாலுக்கு ஒரு சொல்லும் நம் வாயில் தானாகவே வந்து விழுகின்றன.

நம் முன்னோர் எண்ணல், எடுத்தல், முகத்தல், நீட்டல் என அளவையை நான்காக வகுத்தனர். எண்ணல் தனிநிலை, மற்ற மூன்றும் தொடர்நிலை. தொல்காப்பியமும் எழுத்ததிகாரத்தில் எண்ணுப்பெயர், நிறைப்பெயர், அளவுப்பெயர் என்று பிரித்தே புணர்ச்சி விதி சொல்கிறது. கால், அரை, முக்கால் என்பவற்றோடு நில்லாமல், இருபதில் ஒன்றுக்கு மா, எண்பதில் ஒன்றுக்குக் காணி, முந்நூற்றிருபதில் ஒன்றுக்கு முந்திரி என்று பின்னங்களுக்குப் பெயர் வைத்ததெல்லாம் நிலத்தையும் நெல்லையும் பொன்னையும் அளக்கத்தான். காணி ஆள் என்று யாரும் எண்ணியதில்லை.

உடனே தமிழில் மட்டும்தான் இப்படி என்று மார்தட்டக் கிளம்ப வேண்டாம். ஆங்கிலத்திலும் இரு சொற்கள் உண்டு. மலாயில் ‘பெராப்பா’ என்ற ஒரே சொல் இரண்டு வேலையையும் செய்தாலும், ஓராங், ஏக்கோர், பீஜி என்று எண்ணும் பொருளுக்குத் தனி அடையாளம் வைக்கிறார்கள். நம் பேச்சிலும் ‘எவ்ளோ பேரு வந்தாங்க’ என்பது காதில் விழத்தான் செய்கிறது. இன்னொரு சிக்கலும் உண்டு. அலகைச் சேர்த்துவிட்டால் எவ்வளவு என்பது எத்தனை ஆகிவிடும்: எவ்வளவு பால், எத்தனை லிட்டர்? எவ்வளவு பூ, எத்தனை முழம்? ஆகவே கேள்வியை அலகிடம் கேட்கக்கூடாது. பொருளிடம் கேட்க வேண்டும். பூச்சரத்தை எந்த இடத்திலும் அறுக்கலாம். முழக்கணக்கில் விற்பது பூக்காரம்மாவின் வசதி.

வகுப்பில் கொஞ்சம் துடுக்கான மாணவன் இருந்தால், “அரிசியையும் எண்ணலாமே சார், பொறுமை இருந்தால்?” என்பான். நல்ல கேள்வி. பெட்ரோலும் மூலக்கூறுகளால் ஆனதுதான். ஆனாலும் அரிசியை எண்ணிச் சமைப்பாரில்லை. பாலிங்கிலும் கராங்கானிலும் டுரியான் காலத்தில் சாலையோரம் நின்று பார்த்தால் இது இன்னும் நன்றாக விளங்கும். கம்போங் டுரியானைக் குவியலாகவோ பழக்கணக்கிலோ தள்ளிவிடுகிறார்கள். பெயர் பெற்ற வகை என்றால் தராசில் ஏறி கிலோ கணக்காகிவிடுகிறது. பழம் என்னவோ பழம்தான். எண்ணுவதா நிறுப்பதா என்பதை விற்பவர் முடிவு செய்கிறார். ஆக, தனிநிலை, தொடர்நிலை என்பது பொருளின் இயல்பு மட்டுமன்று. பாதி நம் தீர்மானம். யாருடைய தீர்மானம் என்ற கேள்விக்குப் பிறகு வருகிறேன்.

அமெரிக்காவில் 1980களின் தொடக்கத்தில், 13 வயது மாணவர்களுக்கான தேசிய மதிப்பீட்டுத் தேர்வில் ஒரு கணக்கு வந்தது. 1,128 படைவீரர்களை ஏற்றிச் செல்ல வேண்டும். ஒரு பேருந்தில் 36 பேர். எத்தனை பேருந்து தேவை? பத்தில் ஏழு மாணவர்கள் வகுத்தலைச் சரியாகவே செய்தார்கள். ஆனால் 32 என்று சரியான விடை எழுதியவர்கள் நூற்றுக்கு 23 பேர்தான். 29 பேர் “31, மீதி 12” என்று எழுதினார்கள். மீதி 12 என்பது எந்த ஊர்ப் பேருந்து? கணித ஆசிரியர்கள் உலகெங்கும் இன்றுவரை எடுத்துக்காட்டும் கணக்கு இது.

நம் மாணவர்களிடமும் இப்படிக் கேட்டுப் பார்த்திருக்கிறேன். பள்ளியிலிருந்து பூஜாங் பள்ளத்தாக்குக்கு 140 பேர் போகிறார்கள், ஒரு பேருந்தில் 44 இருக்கை என்றால் 3.18 என்று விடை வரும். நான்கு பேருந்து வேண்டும். மேலே ஏற்ற வேண்டும். 10 மீட்டர் கயிற்றில் ஒன்றரை மீட்டர் தோரணம் எத்தனை கட்டலாம் என்றால் 6.67 வரும். ஏழு கட்ட முடியாது. கீழே இறக்க வேண்டும். அதே 10 மீட்டர் துணியை மூவர் பங்கிட்டால் 3.33 மீட்டர்; ஏற்றவும் வேண்டாம், இறக்கவும் வேண்டாம். மூன்றிலும் வகுத்தல் ஒன்றுதான். விடையை என்ன செய்வது என்பதைப் பேருந்தும் கயிறும் துணியும்தான் சொல்லும், கணக்குப்பொறி சொல்லாது. ‘நான்கிலிருந்து இறக்கு, ஐந்திலிருந்து ஏற்று’ என்று மட்டும் படித்த பிள்ளை 3 பேருந்து என்று எழுதி, எட்டுப் பேரைப் பள்ளி வாசலிலேயே விட்டுவிட்டுப் போகும்.

இனி, தோட்டத்துக்கு வருவோம். இந்தப் பிரிவினையை நம்மவர்கள் ஏட்டில் படிக்கவில்லை; உடம்பால் படித்தார்கள்.

ரப்பர் தோட்டத்தில் மரம் தனிநிலை. நிரைக்கு இத்தனை மரம், ஆளுக்கு ஐந்நூறு அறுநூறு மரம் என்று எண்ணிக் கொடுப்பார்கள். மங்கில் சொட்டும் பால் தொடர்நிலை. அதை ஊற்றி, நிறுத்து, மெட்ரோலாக்கை மிதக்கவிட்டு, பாலில் உலர்ந்த ரப்பர் எவ்வளவு என்று பார்ப்பார்கள். 30 கிலோ பாலில் 30 விழுக்காடு என்றால் 9 கிலோ ரப்பர். மழை நீர் கலந்தால் விழுக்காடு இறங்கும். தூக்கி வந்த கனம் அதேதான், கணக்கில் ஏறுவது குறையும். காலைப் பெரட்டில் ஆள் தனிநிலை. வந்தார் அல்லது வரவில்லை. பழைய கங்காணிமாருக்கு வேலைக்கு வந்த ஆளொன்றுக்கு இவ்வளவு என்று கொடுத்த பணத்திற்குப் பெயரே தலைக்காசு. அந்தத் தலைக்குக் காய்ச்சலா, எட்டு மாதக் கர்ப்பமா என்பது அந்தக் கணக்கில் வராது. தலை என்றால் ஒன்று.

என் பாட்டி கெடாவில் ஒரு தோட்டத்தில் முப்பதாண்டுகளுக்கு மேல் பால் வெட்டியவர். தோட்டத்தின் பெயர் இங்கு வேண்டாம். அங்கிருந்த வழக்கத்தை அவர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். கணக்கு ஒன்பதரை கிலோவைத் தாண்டி நிற்கும். “அய்யா, ஒம்பதரைக்கு மேல நிக்குதே” என்பாராம். “ஒம்பதுன்னு போட்டாச்சு, நீ போம்மா” என்பாராம் கிராணி. மறுநாள் 9.2 என்றாலும் ஒன்பது, அதற்கு மறுநாள் 9.9 என்றாலும் ஒன்பது. பாட்டி பள்ளிக்கூடம் போனதில்லை. ஆனால், “அரையும் காலும் எங்க போவுது?” என்று வீட்டில் புலம்புவாராம்.

எங்கே போகிறது என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். தசமப் பகுதி 0 முதல் 1 வரை எப்படி வேண்டுமானாலும் அமையலாம் என்றால், சராசரியாக நாளொன்றுக்கு அரைக் கிலோ வெட்டப்படுகிறது. மாதம் 24 நாள் வேலை என்றால் 12 கிலோ. அவருடைய ஒரு நாள் வெட்டு ஒன்பது கிலோ சொச்சம். அப்படியானால் மாதத்தில் ஒரு நாளுக்கும் மேலாக அவர் கூலியில்லாமல் பால் வெட்டியிருக்கிறார். ஆண்டுக்குப் பதினைந்து நாள். முப்பது ஆண்டுக்கு ஓராண்டுக்கு மேல். யாரும் அவரை அதட்டவில்லை, யாரும் பெட்டியிலிருந்து பணத்தை எடுக்கவில்லை. தொடர்நிலையான ஒன்றைத் தனிநிலையாக்கி, அதுவும் எப்போதும் கீழ்நோக்கியே வெட்டியதில் அந்த ஓராண்டு போய்விட்டது.

இதே வேலையை நியாயமாகவும் செய்யலாம் என்பதற்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு. 2008 ஏப்ரல் 1 முதல், ரொக்கமாகச் செலுத்தும் மொத்தத் தொகையை அருகிலுள்ள 5 சென்னுக்குச் சரிசெய்யும் முறையைப் பேங்க் நெகாரா கொண்டு வந்தது. 1, 2 சென் என்றால் கீழே. 3, 4 என்றால் 5. 6, 7 என்றால் 5. 8, 9 என்றால் 10. ஒரு நாள் கடைக்காரருக்கு இலாபம், ஒரு நாள் நமக்கு. நீண்ட நாளில் கிட்டத்தட்டச் சரியாகிவிடும். கிராணியின் முறையில் எந்த நாளும் பாட்டிக்கு இலாபம் வரவில்லை. அருகில் உள்ளதற்குச் சரிசெய்வதற்கும் வெட்டி எறிவதற்கும் உள்ள வேறுபாடு ஆரம்பப் பள்ளிப் பாடம்தான். அதன் விலை ஓராண்டுக் கூலி.

சட்டமும் இதே வெட்டுதலைத்தான் செய்கிறது, எழுத்தில். 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 16ஆம் பிரிவு, நாட்கணக்கில் கூலி பெறும் தோட்டத் தொழிலாளிக்கு மாதத்தில் 24 நாளுக்குக் குறையாமல் வேலை தர வேண்டும், தராவிட்டால் அந்த நாளுக்கும் கூலி தர வேண்டும் என்று எழுதப்பட்டது. மழை தொடர்நிலை, தூறலா, அடைமழையா, எப்போது விடும் என்று யாருக்குத் தெரியும்? ஆனால் வேலை நாள் என்பது எண். அந்த 24 என்ற எண்ணை அறிந்தவர் கேட்டுப் பெற்றார். அறியாதவர் மழையை நொந்துகொண்டார். குறைந்தபட்சச் சம்பளம் 2013இல் தீபகற்பத்தில் 900 ரிங்கிட்டாகத் தொடங்கி 2025 பிப்ரவரியில் 1,700 ரிங்கிட் ஆனது. வாரம் ஆறு நாள் வேலைக்கு நாள் கூலி 65 ரிங்கிட் 38 சென். அதை 26ஆல் பெருக்கிப் பாருங்கள்: 1,699 ரிங்கிட் 88 சென். பன்னிரண்டு சென்னைக் காணோம்! இது யாருடைய சூழ்ச்சியும் அன்று. 1,700ஐ 26ஆல் வகுத்தால் சென்னில் முடியாது, அவ்வளவுதான். இருந்தாலும் சம்பளச் சீட்டை இப்படிப் பெருக்கிப் பார்க்கும் பழக்கம் நம் வீடுகளில் இருக்க வேண்டும் என்பேன்.

பாட்டியின் தோட்டத்தில் இப்போது ரப்பர் இல்லை, செம்பனை. குலையை எண்ணலாம், எடையை நிறுக்கலாம். குலைக்கணக்கில் கூலி என்றால் சிறு குலை கிடைக்கும் இளமரத்தில் வெட்டுபவருக்கு இலாபம். டன் கணக்கு என்றால் கனத்த குலை தரும் காட்டில் வெட்டுபவருக்கு இலாபம். உழைப்பு ஒன்று, கணக்கு வேறு. இன்று அந்த வேலையில் பெரும்பாலும் இந்தோனேசியரும் வங்காளதேசிகளும் இருக்கிறார்கள் என்பதால் இது நமக்கில்லை என்று நகர்ந்துவிட எனக்கு மனமில்லை.

நகரத்துக்கு வந்துவிட்ட நம்மையும் இந்தக் கத்தி விட்டபாடில்லை. குடும்ப வருமானம் ஒரு தொடர்ச்சி. அதை பி40, எம்40, டி20 என்று மூன்றாக வெட்டியிருக்கிறார்கள். 2022ஆம் ஆண்டுக் குடும்ப வருமான ஆய்வின்படி பி40இன் மேல் எல்லை 5,249 ரிங்கிட்டாக இருந்தது. கூலிமில் தொழிற்சாலையில் மேல்நேர வேலை பார்த்து 5,260 ரிங்கிட் கொண்டு வரும் தந்தையின் பிள்ளை எம்40. பக்கத்து வீட்டில் 5,240 ரிங்கிட் வாங்குபவரின் பிள்ளை பி40. இருபது ரிங்கிட் வேறுபாட்டில் இரு வீட்டுச் சமையலறையிலும் என்ன மாறிவிடும்? ஆனால் உதவித்தொகைப் பாரத்தில் அவர்கள் இரு வேறு உலகத்தினர். வெட்டாமல் நிர்வாகம் நடத்த முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். எல்லையில் திடீரென்று விழாமல் படிப்படியாகக் குறையும் உதவியை வடிவமைக்க முடியும் என்பதும் கணிதம்தான். வருமான வரி அப்படித்தான் இயங்குகிறது: அடுத்த படிக்குப் போனால் அந்தப் படியில் உள்ள கூடுதல் பணத்துக்கு மட்டும் கூடுதல் விகிதம், முழுச் சம்பளத்துக்கும் அன்று. இதைப் புரிந்துகொள்ளாமல், சம்பளம் உயர்ந்தால் வரியில் எல்லாம் போய்விடும் என்று அஞ்சும் பட்டதாரிகளை நான் சந்தித்திருக்கிறேன்.

மொழிக்கு வருவோம். 2003இல் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்தில் என்ற கொள்கை தமிழ்ப்பள்ளிகளிலும் முதலாம் ஆண்டிலேயே நுழைந்தது. 2009இல் அதைக் கைவிடும் முடிவு அறிவிக்கப்பட்டது. 2016 முதல் இருமொழித் திட்டம் என்ற பெயரில் விவாதம் மீண்டும் உயிர் பெற்றது. அந்த விவாதத்தில் இரு தரப்பாரும் உணர்ச்சிவசப்பட்டே பேசினார்கள். ஒரு தரப்பு இன அடையாளம் என்றது, மறு தரப்பு எதிர்கால வேலை என்றது. ஏழு வயதுப் பிள்ளை கணக்கைத் தொடங்கும் இடத்தில் எந்தச் சொல் கையில் இருக்கிறது என்று கேட்டவர்கள் குறைவு. எத்தனை, எவ்வளவு என்ற வேறுபாடு படுக்கப்பூர்வத் தமிழ்ப் பிள்ளைக்கு வீட்டிலேயே கிடைத்துவிட்டது. அதை வகுப்பறை வாசலில் கழற்றி வைக்கச் சொல்லிவிட்டு, பத்தாண்டு கழித்துப் படிவம் நான்கில் தனிநிலை, தொடர்நிலை என்று புதிதாகக் கற்பிப்பது வீண்வேலை. தமிழில் சொன்னால் மட்டும் எல்லாரும் கணித மேதையாகிவிடுவர் என்று நான் சொல்லவில்லை. தமிழ்ப்பள்ளியிலும் கோடு இழுக்கும் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். ஆசிரியர் அந்த இரு சொற்களையும் கருவியாக எடுத்தால்தான் பயன்.

நம் பேரவைத் தோழர்கள் ஆண்டுதோறும் தோட்டப்புறங்களுக்குச் சென்று எஸ்.பி.எம். மாணவர்களுக்கு இலவச வகுப்பு நடத்துகிறார்கள். அடுத்த முறை பாடாங் செராய்க்கோ பீடோங்குக்கோ போகும்போது, முதல் அரை மணி நேரம் எந்தச் சூத்திரமும் எழுத வேண்டாம். மாணவர்களின் வீட்டிலிருந்து ஒரு மின்கட்டண ரசீது, ஒரு சம்பளச் சீட்டு, ஒரு மளிகைக்கடை ரசீது கொண்டுவரச் சொல்லுங்கள். பெயரையும் அடையாள அட்டை எண்ணையும் மறைத்துவிடுங்கள். ஒவ்வொரு எண்ணின் பக்கத்திலும் ‘எத்தனை’ அல்லது ‘எவ்வளவு’ என்று எழுதச் சொல்லுங்கள். பிறகு, எவ்வளவு என்று எழுதிய இடங்களில் அந்த எண் எங்கே வெட்டப்பட்டிருக்கிறது, மேலேயா கீழேயா என்று தேடச் சொல்லுங்கள். சென்ற டிசம்பர் விடுமுறையில் நான் இதைச் செய்தபோது, ஒரு மாணவி தன் தாயாரின் சம்பளச் சீட்டில் மேல்நேர வேலை எல்லாம் முழு மணியாகவே இருப்பதைக் காட்டி, “அம்மா தினமும் ஏழே முக்காலுக்குத்தான் சார் வேலை முடிஞ்சு பஸ் ஏறுவாங்க, இதுல ஏழுன்னு இருக்கே” என்றாள். அன்று பாடம் அங்கேயே நின்றது. மீதி நேரம் முழுக்க அந்த முக்கால் மணியைப் பற்றித்தான் பேசினோம்.